காட்டுப்பள்ளி போகும் வழியில் ஒரு ஜமைக்காக்காரர்

எங்கள் ஆலையில் புது இயந்திரம் பொருத்த ஜமைக்காவிலிருந்து ஒரு இன்ஜினியர் வரப்போகிறார் என்று தெரிந்த அன்றே கேன்டீனில் ஆளுக்கொரு வீடியோவைத் திறந்துவிட்டார்கள். சடைமுடி, புகை, தங்கச் சங்கிலி, கையில் துப்பாக்கி.

"அங்கெல்லாம் சின்னப் பசங்களே கன்னு வச்சிக்கினு சுத்துவாங்களாம் மேடம்" என்றார் ஸ்டோர்ஸ்காரர்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி செய்யும் ஆலை எங்களுடையது. நான் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். இங்கிலீஷ் பேசுவேன் என்பதால் அவரைக் கூட்டிக்கொண்டு போய்வரும் வேலை என் தலையில் விழுந்தது. அந்த ஊரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த வீடியோக்கள்தான். சிரித்துக்கொண்டுதான் பார்த்தேன். வீட்டுக்குப் போனதும், நான் எங்கே இருக்கிறேன் என்று கணவருக்குத் தெரிகிற மாதிரி போனில் லொகேஷனைப் போட்டு வைத்தேன்.

வந்தவருக்குச் சடைமுடி இல்லை. ஒட்ட வெட்டிய நரைமுடி, இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை, ஐம்பதை ஒட்டிய வயது. ஜமைக்கா என்றாலே பாட்டுதானே என்று கேட்டில் செக்யூரிட்டி அவரைப் பாடச் சொன்னார். "சர்ச்சில் மட்டும்தான் பாடுவேன், அதுவும் கடைசி வரிசையில் நின்று" என்றார். ஓட்டப்பந்தய வீரர்களின் ஊராயிற்றே என்று ஃபோர்மேன் ஓடிக் காட்டச் சொன்னார். முழங்காலைத் தட்டி, வலி என்று சைகை காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். இவ்வளவு சாதுவாக இருக்கிறாரே, உள்ளே என்ன இருக்கிறதோ என்று எனக்கு அதுவே இன்னொரு பயமானது.

மூன்றாம் நாள் காலை காட்டுப்பள்ளி துறைமுகத்துக்குப் புறப்பட்டோம். எங்களுக்கு வந்த இயந்திரப் பெட்டிகளில் ஒன்று நசுங்கியிருந்தது. எடுப்பதற்கு முன் அவர் பார்த்தாக வேண்டும். கால் நீளம் என்பதால் அவர் முன்சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் பின்னால். மீஞ்சூர் தாண்டியதும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வண்டி நின்றுவிட்டது. முன்னாலும் லாரி, பின்னாலும் லாரி.

அப்போது அவருக்குப் போன் வந்தது. அவர் ஊரில் அது நடுராத்திரி. எடுத்ததும் அவர் பேச்சே மாறிவிட்டது. என்னிடம் நிறுத்தி நிதானமாகப் பேசிய இங்கிலீஷ் இல்லை. வேகமாக, உரக்க, ஒரு வார்த்தைகூடப் பிடிபடாத அவர் ஊர்ப் பேச்சு. டேஷ்போர்டில் ஓங்கிக் குத்தினார். ஒரே ஒரு சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. 'கன்.' மூன்று தடவை காதில் விழுந்தது.

கணவருக்கு மெசேஜ் போட விரல் நகரவில்லை. என் பக்கத்துக் கதவைத் திறக்கலாம் என்றால் வெளியே லாரிச் சக்கரம் ஒட்டி நிற்கிறது.

டிரைவர் என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "மேடம், அந்தாண்ட கதவத் தொறந்து எறங்கிடுங்க. நான் பாத்துக்குறேன்." அவர் கை சீட்டுக்கடியில் போயிற்று. வீல் ஸ்பானரோடு வெளியே வந்தது.

இன்ஜினியர் அதைப் பார்த்தார். போன் மடியில் விழுந்தது. இரண்டு கைகளையும் மெதுவாக, விரல்களை விரித்து, தலைக்கு மேல் தூக்கினார். யாரும் சொல்லாமலே, பழகியவர் செய்வதுபோல.

"என் மகன்" என்றார். "என் மகனைச் சுட்டார்கள். குண்டு படவில்லை."

டிரைவருக்கு நான் தமிழில் சொன்னேன். அவர் ஸ்பானரைக் கீழே வைத்தார். "மன்னிச்சிக்குங்க சார். பயந்துட்டேன்" என்றார். இன்ஜினியர் கைகளை இறக்க வெகுநேரம் ஆயிற்று.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். மகனுக்குப் பதினேழு வயது. தெருப் பையன்களோடு சேர்ந்து பாட்டு எழுதுகிறான். அங்கே அந்த மாதிரிப் பாட்டுக்குத் துப்பாக்கி இல்லாமல் வீடியோ எடுத்தால் யாரும் மதிப்பதில்லையாம். ஒரு பொம்மைத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு, பக்கத்துத் தெருவின் பெயரைச் சொல்லிப் பாடியிருக்கிறான். பக்கத்துத் தெருக்காரர்கள் அதைப் பாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜன்னல் வழியாகச் சுட்டிருக்கிறார்கள். பையன் கட்டிலுக்கடியில் கிடந்திருக்கிறான்.

"எந்த ஏர்போர்ட்டிலும் வரிசையில் என்னை மட்டும் தனியாக நிறுத்துவார்கள். அந்த வீடியோக்களை அவர்களும் பார்த்திருக்கிறார்கள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம்" என்றார். "என் மகனும் அதைப் பார்த்துத்தான், நாம் இப்படிப்பட்டவர்கள்தான் என்று நம்புகிறான்."

என்னை அறியாமல் என் தம்பியைப் பற்றிச் சொன்னேன். பிறந்தநாளுக்குப் பட்டாக்கத்தியால் கேக் வெட்டி, பின்னால் சினிமா மியூசிக் சேர்த்து ரீல்ஸ் போட்டவன். மறுநாளே போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. கம்பெனியில் கிடைத்திருந்த வேலை போயிற்று. சினிமாவில் எங்கள் ஏரியா ஆட்கள் என்றால் கையில் கத்தியோடுதான் வருவார்கள். நான் வேலைக்கு நேர்காணல் போனபோதும் முகவரியைப் பார்த்துவிட்டு, "ரவுடிங்க ஏரியா ஆச்சே" என்று சிரித்திருக்கிறார்கள்.

"இப்போது நிறுத்திவிட்டானா?" என்று கேட்டார்.

"தெரியாது. கேட்க பயமாக இருக்கிறது" என்றேன்.

துறைமுகத்தில் அவர் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு பாகமாகப் பார்த்தார். அடுத்த நாளே ஊருக்குப் போய்விட்டார். வேலையை முடிக்க வேறொருவர் வந்தார்.

இரண்டு மாதம் கழித்து மெசேஜ் அனுப்பினார். மகனை மலைப்பக்கம் இருக்கும் தங்கை வீட்டில் விட்டிருக்கிறாராம். அவன் வீடியோவை அழித்துவிட்டான். ஆனால் யார் யாரோ எடுத்துத் திரும்பப் போடுகிறார்கள். அதை இணையத்திலிருந்து நீக்க வழி தெரியுமா என்று கேட்டு லிங்க்கையும் அனுப்பியிருந்தார். திறந்து பார்த்தேன். மீசை சரியாக முளைக்காத முகம். கீழே கமென்ட்டில் நம் ஊர்க்காரர்களும் தமிழில் எழுதியிருந்தார்கள். 'வெறித்தனம்.' 'வேற லெவல்.'

ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்கு வந்தபோது ஒன்றும் சொல்லாமல் அதை அவனிடம் காட்டினேன்.

"செம மாஸா கீதுக்கா. யாரு இவன்?"

சொன்னேன். ஜன்னல், துப்பாக்கிச் சூடு, கட்டிலுக்கடியில் கிடந்தது, அவன் அப்பா வண்டியில் கையைத் தூக்கியது, எல்லாம். கேட்டுக்கொண்டான். நான் டீ போட அடுப்படிக்குப் போனேன். பால் பொங்குவதற்குள் எட்டிப் பார்த்தேன். சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, அதையே மறுபடியும் பார்த்துக்கொண்டிருந்தான்.