சாவடியில் ஆன போணி

சுந்தரம்மாவுக்கு நிலம் கிடையாது, மாடு கிடையாது, ஏனென்று கேட்க ஓர் அண்ணன் தம்பி கிடையாது. இருந்ததெல்லாம் நகரிச் சந்தையில் ஒரு கல். வாசலுக்கு நேர் எதிரே நாலு முழ நீளத்துக்குக் கிடக்கும் பலகைக் கல். அதில் கூடையை இறக்கினால், உள்ளே நுழைகிற எவன் கண்ணும் முதலில் அவள் கத்திரிக்காய் மேல்தான் விழும்.

அதை அவள் சும்மா பிடிக்கவில்லை. அவள் சேரியிலிருந்து வருகிறவர்கள் வேலிக்கு வெளியே, சாக்கடை ஓரத்தில்தான் கூடை வைக்க வேண்டும். யாரும் எழுதி வைக்காத சட்டம், ஆனால் எல்லோருக்கும் மனப்பாடம். சந்தைக்கு இன்னொரு சட்டமும் இருந்தது. குத்தகை வருஷம் பிறந்து வரும் முதல் சந்தையன்று எந்த இடமும் யாருக்கும் சொந்தமில்லை. காலை ரயில் வருவதற்குள் எவர் ஓரிடத்தில் அன்றைய போணியைப் பண்ணுகிறாரோ, வருஷம் பூராவும் அது அவர் இடம். போணி ஆகாத இடத்தைக் குத்தகைக்காரர் தன் இஷ்டப்படி விட்டுக்கொள்ளலாம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், கோடை மழை கொட்டிய ஒரு முதல் சந்தையில், மற்றவர்கள் கொட்டகையில் ஒதுங்கி நிற்க, கோணியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போய் அந்தக் கல்லில் குந்தினாள் சுந்தரம்மா. போணியும் ஆயிற்று. அதற்குப் பிறகு வருஷா வருஷம் இருட்டோடு வந்து அதைக் காப்பாற்றிக்கொண்டாள்.

அறுபதாம் வருஷம் வந்தது சனியன். ஏப்ரல் முதல் தேதி, வெள்ளிக்கிழமை, திருத்தணி தாலுகா ஆந்திராவிலிருந்து பிரிந்து மெட்ராஸ் பக்கம் போயிற்று. சுந்தரம்மாவின் ஊர் திருத்தணி தாலுகா. சந்தை நகரியில், ஆந்திராவில். இரண்டுக்கும் நடுவே ஏழு மைல். நேற்றுவரை ஒரே ஜில்லாவாக இருந்த ஏழு மைல். திங்கட்கிழமை முதல் சந்தை.

"கல்லு இருந்தாத்தான் காய் உனக்கு. சாக்கடை ஓரம் குந்திக்கினு பாதி வெலைக்கு வித்தீன்னா எனக்குக் கட்டாது" என்று தோட்டக்காரர் கோவர்த்தனன் முந்தின நாளே சொல்லிவிட்டார். அவர் காய் கொடுக்காவிட்டால் வேறு யார் கொடுப்பார்கள்? பனையிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்த புருஷன் பாலையா, இரண்டு பெண் பிள்ளைகள். அந்தக் கல் போனால் அடுப்பும் போயிற்று.

கோழி கூவுமுன் கிளம்பினாள். நாலு மைல் தாண்டியதும் பாதையின் குறுக்கே புதிதாக ஒரு மூங்கில் கம்பு. பக்கத்தில் ஓலைச் சாவடி. காக்கிச் சட்டைக்காரன் ஒருவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான்.

"கூடைய எறக்கு. இன்னா இருக்குது?"

"கத்திரிக்கா சாமி. சந்தைக்கு நேரமாவுது, வுடுங்க."

அவன் கிண்டினான், கிளறினான், எந்த ஊர், எதற்கு, யாருக்கு என்று அரை நாழிகையைத் தின்றான். கடைசியில் மேலாக இருந்த நாலு நல்ல காயை எடுத்துக்கொண்டு, "சரி, போ" என்றான்.

அத்தோடு விட்டிருக்கலாம். நாலு காய்தானே! ஆனால் போணிக்கு முன்னால் சும்மா கொடுப்பதா? சந்தையில் பிழைக்கிற எவளும் அதைச் செய்ய மாட்டாள். அன்று முழுக்க வியாபாரம் விளங்காது. சுந்தரம்மா கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"சாமி, சும்மா எடுக்காதீங்க. போணி ஆவல. ஒரே ஒரு காசாச்சும் குடுங்க."

அவன் சிரித்தான். சட்டைப் பையைத் துழாவி ஒரு நயா பைசாவை அவள் பக்கம் விட்டெறிந்தான். அவள் குனிந்து பொறுக்கி, இரண்டு கண்ணிலும் ஒற்றி, சுருக்குப் பையில் போட்டுக்கொண்டாள்.

பத்தடி நடந்த பிறகுதான் உறைத்தது. ஐயையோ! காசு வாங்கியாயிற்று, கண்ணில் ஒற்றியாயிற்று. இன்றைய போணி ஆகிவிட்டது, கல்லில் இல்லை, சாவடியில்! இனி கல்லில் எத்தனை விற்றாலும் அது போணி ஆகாது. பாவி மகள், தன் வாயாலேயே கேட்டு வாங்கித் தன் கல்லைத் தொலைத்தாள். நடு ரோட்டில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள். அப்புறம், யார் பார்த்தார்கள் என்று நினைத்தாள். சாவடிக்காரனும் அவளும்தான். வாயைத் திறக்காமல் இருந்தால் ஆயிற்று. ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

நகரி மலை மூக்கில் வெயில் விழுந்துவிட்டது. சந்தை வாசலில் கால் வைத்தபோதே கண்ணில் பட்டது. கல்லில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். பெயர் தாட்சாயணி, நகரிப் பக்கத்துப் பயிர்க்காரர் வீட்டு விதவை. எதிரில் தக்காளி, பச்சை மிளகாய், இன்னும் ஒன்றும் விற்றிருக்கவில்லை. இத்தனை வருஷமும் திருத்தணிச் சந்தையில் விற்றவள். போன வாரம் அங்கே, "நீ ஆந்திராக்காரி, ஒன் ஊருக்குப் போ" என்று கூடையைத் தூக்கி வெளியே வைத்துவிட்டார்கள்.

"எழுந்திரு. இது என் கல்லு" என்றாள் சுந்தரம்மா.

"பேர் எழுதிக்கீதா? இன்னிக்கு எல்லா எடமும் பொது. நீ இப்ப மெட்ராஸ்காரி. சாக்கடை ஓரம் காலியாத்தான் கீது, போயேன்."

சுந்தரம்மா கல்லின் மறு ஓரத்தில் கூடையைத் தொம்மென்று இறக்கினாள். கூட்டம் சேர்ந்துவிட்டது. குத்தகைக்காரர் கங்கையா மேல்துண்டை உதறிக்கொண்டு வந்தார்.

"ஏமம்மா, ஏமி கொடவ, இன்னா சண்ட? யாருக்கு மொதல்ல போணியோ அவங்களுக்குத்தான் கல்லு. ரெயிலு வர்ற வரைக்கும்தான் டயம்" என்றார். அவருக்கென்ன! இரண்டு பேருக்கும் ஆகாவிட்டால், கல்லுக்காக மாதக்கணக்கில் அவர் பின்னால் அலைகிற உப்பு மண்டிக்காரருக்கு விட்டுவிடலாம்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு இட்லிக் கடை சிட்டிபாபு வந்தான். வாரந்தவறாமல் சுந்தரம்மாவிடம் வாங்குகிறவன். "இன்னாக்கா, எப்பவும் போல ரெண்டு வீசை போடு" என்றான். தாட்சாயணியின் முகம் வெளுத்துப் போனது.

சுந்தரம்மா நிறுத்தாள். சிட்டிபாபு காசு கொடுத்தான். அவள் வாங்கினாள், சுருக்குப் பையில் போட்டாள், கயிற்றை இழுத்தாள். முடிந்தது, ஜெயித்துவிட்டோம் என்று நிமிர்ந்து பார்த்தாள்.

"கண்ணுல ஒத்திக்கல!" என்று கத்தினாள் தாட்சாயணி. "பாத்தீங்களா எல்லாரும்? போணிக் காச ஒத்திக்காத பையில போடுவாளா எவளாச்சும்? இவளுக்கு முன்னாடியே போணி ஆயிடுச்சு!"

சுந்தரம்மா தன் கையைப் பார்த்தாள். வாய் பொய் சொல்லத் தயாராகத்தான் இருந்தது. கை பழக்கத்தை விடவில்லை.

"தராசத் தொட்டுச் சொல்லும்மா, உன் போணி இங்கயா?" என்றார் கங்கையா.

இரண்டு பிள்ளைகளின் முகமும் வந்து போனது. சொல்லிவிடலாம், 'இங்கேதான்' என்று. ஆனால் விரல் தட்டைத் தொட்டுவிட்டது. பன்னிரண்டு வருஷமாகச் சோறு போட்ட தராசு.

"இல்ல. சாவடியாண்ட ஆயிடுச்சு" என்றாள்.

தாட்சாயணி சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. சிட்டிபாபு காயைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். கூட்டத்தில் ஒருவரும் அவள் கூடைப் பக்கம் வரவில்லை. சண்டை நடக்கிற இடத்தில் போணி பண்ணினால் அந்தச் சண்டை வாங்கினவர் வீட்டுக்கு வந்துவிடும் என்று அங்கே எல்லோருக்கும் பயம். "தக்காளி, தக்காளி, சல்லிசா தரேன், வாங்கம்மா" என்று தொண்டை வறளக் கூவினாள். தூரத்தில் ரயில் ஊதியது. கங்கையா திரும்பி உப்பு மண்டிக்காரரைப் பார்த்துத் தலையசைத்தார்.

அந்தத் தலையசைப்பைச் சுந்தரம்மா பார்த்தாள். இதற்காகவா மழையில் நனைந்தேன்? சுருக்குப் பையை அவிழ்த்து, அடியில் கிடந்த அந்தச் சாவடி நயா பைசாவை எடுத்தாள். போணிக் காசைப் பொழுது சாயும்வரை கையை விட்டு விடமாட்டார்கள். தொலையட்டும், இதுதான் குடியைக் கெடுத்தது.

"ஏய், ஒரு காசுக்கு மொளகா குடு" என்றாள்.

தாட்சாயணி விழித்தாள். போணிக்கு வந்த ஆளை யாராக இருந்தாலும் விரட்டக் கூடாது. ஆனால் இவள் சேரிக்காரி. அந்தக் கைக் காசைக் கண்ணில் ஒற்ற வேண்டும்.

"பாதிக் கல்லு எனுக்கு. எல்லார் எதிர்லயும் சொல்லு. இல்லேன்னா இந்தக் காசோட நான் போய்க்கினே இருப்பேன். உப்புக்காரன் வந்து குந்தட்டும்" என்றாள் சுந்தரம்மா.

ரயில் மறுபடி ஊதியது, இந்த முறை கிட்டத்தில்.

"ஒக்க ராயிக்கு, ஒரு கல்லுக்கு ரெண்டு பேரா? காதம்மா, ஆவாது" என்று கங்கையா குறுக்கே வந்தார்.

"பாதி ஒனக்கு" என்றாள் தாட்சாயணி, கூட்டம் முழுக்கக் கேட்கும்படி. கையை நீட்டிக் காசை வாங்கினாள். ஒரு கணம் உள்ளங்கையைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, ஒரு பிடி மிளகாயை அள்ளிச் சுந்தரம்மாவின் மடியில் போட்டாள். ஸ்டேஷனில் ரயில் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. கங்கையா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார்.

தாட்சாயணி தக்காளிக் கூடையை இழுத்துக்கொண்டு நகர்ந்து, கல்லில் ஒரு சாண் இடம் விட்டாள்.

சுந்தரம்மா அந்த இடத்தைப் பார்த்தாள், அவளையும் பார்த்தாள்.

"பாதின்னு சொன்ன" என்றாள். "இன்னும் நவுரு."