முன்பு நல்லதண்ணிக் கிணறு

"என்ரை சாவுச் செய்தி வந்தால் உடனை அழத் தொடங்காதையும். வந்து பாத்திட்டு அழும்."

கனகலிங்கம் அண்ணை இதை என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். ஆகவே ஆவணி பிறந்த கையோடு ஒரு விடியற்காலை அவருடைய மனைவி மனோன்மணி அக்கா தொலைபேசியில், "மாஸ்டர், இவர் போயிட்டார்" என்று சொன்னபோது நான் அழவில்லை. "எங்கை போயிட்டார்?" என்று கேட்டேன். அக்கா, "வந்து பாருங்கோ" என்றார். அந்த வீட்டு வழக்கம் அவருக்குத் தெரியாததா.

போனேன். கட்டிலில் நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தார். உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்தேன். அதன் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு அச்சிட்டு வெளியிடும் கல்வெட்டுப் புத்தகத்துக்கு நான்கு வார்த்தை எழுதித் தரும்படி பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். பயமாக இருக்கிறது. எந்தச் செத்தவீட்டுக் கல்வெட்டைக் கொடுத்தாலும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை வாசிப்பவர் அவர். வாசித்து முடித்ததும், "செத்த ஆக்கள் எல்லாரும் நல்லவையாம். அப்ப எங்களை இவ்வளவு காலமும் ஏமாத்தினது ஆர்?" என்று கேட்பார். அவருக்காக எழுதப்படும் கல்வெட்டில் பொய் எழுதினால் அவர் எழும்பி வந்தாலும் வருவார். உள்ளதையே எழுதுகிறேன்.

உள்ளது இதுதான். கனகலிங்கம் அண்ணை ஒரு சந்தேகப் பிராணி. அவரை அறிந்த உங்களுக்கு இது புதிதல்ல. நயினாதீவுக்குப் படகு ஏறினால், தரும் மிதவைச் சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு, "இது கடலைக் கண்டிருக்குதோ?" என்று படகோட்டியிடம் கேட்பார். பஸ் நேரத்துக்கு வந்தால், அது முந்தின பஸ் பிந்தி வந்தது என்பார். தண்ணீர் விஷயத்தில் மட்டும் இது பகிடியில்லை. யார் வீட்டில் தண்ணீர் கொடுத்தாலும் உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு, நாக்கு நுனியில் தொட்டு, கண்ணை மூடி யோசித்துவிட்டுத்தான் செம்பை எடுப்பார். மாத்தறைப் பக்கம் எண்பத்துமூன்றுக் கலவரம் வரைக்கும் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தவர். "கடையிலை தண்ணி பிழைச்சால் தேத்தண்ணி பிழைக்கும், சோறு பிழைக்கும், பிறகு பேரும் பிழைக்கும்" என்பார். எங்கள் நாரந்தனையில் நாங்கள் குடிப்பது லொறித் தாங்கியில் வரும் பவுசர் தண்ணீர். அதைக் கொண்டுவரும் சாரதிக்கும் அவருக்கும் வாரந்தோறும் வழக்கு.

அவரும் நானும் நாரந்தனைக்கு மாப்பிள்ளையாக வந்த புங்குடுதீவுக்காரர். அவர் மடத்துவெளி, நான் இறுப்பிட்டி. இரண்டு பேருடைய தாய்வீடுகளும் பூட்டிக் கிடக்கின்றன. நான் என் வீட்டை நினைத்துப் பெருமூச்சு விடுவதோடு சரி. அவர் அப்படியல்ல. மடத்துவெளி வீட்டுக் கூரையைத் திருத்தி, அக்காவையும் கூட்டிக்கொண்டு அங்கே போய் இருந்துவிட வேண்டும் என்பதுதான் அவருடைய முதுமையின் ஒரே திட்டம். காரணம் கேட்டால் ஒரே சொல்: "நல்லதண்ணிக் கிணறு."

தீவுகளில் இந்தச் சொல்லின் பாரம் உங்களுக்குத் தெரியும். வீட்டைச் சுற்றி உப்புக் கரிக்கும் சவர்க் கிணறுகள் இருக்க, ஒரு வளவில் மட்டும் குடிக்கக்கூடிய தண்ணீர் ஊறினால் அந்த வளவுக்கு அதுவே பெயர். கனடாவில் இருக்கும் தங்கை கமலா, "அண்ணா, அந்தக் கிணறு சவராப் போச்சுதாம், அங்கை போய் என்ன செய்யப் போறியள்" என்று சொல்லத் தொடங்கியதும், அண்ணை அவளோடு கதைப்பதைக் குறைத்துக்கொண்டார். காணியை விற்க ஆள் பார்க்கிறார்கள் என்பது அவர் முடிவு. அயலவர் யாராவது சவர் என்று வாயெடுத்தால், "உமக்கு எவ்வளவு பரப்பு வேணும்?" என்பார். ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் மடத்துவெளிக்குப் போய், அந்தக் கிணற்றில் அள்ளிப் பொங்கி, ஒரு செம்பு குடித்துவிட்டு வருவார். "நான் குடிச்சனான். என்ரை நாக்கு எனக்குப் பொய் சொல்லுமோ?"

இந்த நிலையில்தான் நிலானி என்ற பிள்ளை வந்தாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, கொழும்பில் கலைஞர். தீவுகளின் கிணறுகளைப் பற்றி ஏதோ செய்யப்போவதாகச் சொன்னாள். அண்ணை வாசல் படலையைத் திறக்கவேயில்லை. "காணி புரோக்கர்மார் இப்ப பொம்பிளைப் பிள்ளையளை அனுப்புறாங்கள்" என்று எனக்குச் சொன்னார். பல மாதம் கழித்து அவளே தொலைபேசி எடுத்து, கொழும்பில் தன் கண்காட்சி நடப்பதாகவும் அதில் மடத்துவெளிக் கிணறும் இருப்பதாகவும் சொன்னபோது அவருக்கு நித்திரை போய்விட்டது. கிணற்றை எப்படிக் கொழும்புக்குக் கொண்டுபோனாள்? டொக்டரிடம் கண் காட்டவும் கொழும்பு போக வேண்டியிருந்தது. துணைக்கு என்னையும் கூப்பிட்டார். கண்ணை விடக் கிணறுதான் அவசரம் என்பது எனக்கு விளங்கியது.

பஸ்களும் முச்சக்கரவண்டிகளும் ஒன்றையொன்று திட்டிக்கொண்டு ஓடும் ஒரு தெரு. கீழே உடுப்புக்கடைகள், மூன்றாம் மாடியில் அருங்காட்சியகம். நவீன கலையாம். கண்ணாடிக் கதவில் அனுமதி இலவசம் என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. அண்ணை அங்கேயே நின்றுவிட்டார்.

"இஞ்சை என்ன விக்கிறாங்கள்?"

"ஒண்டும் விக்கேல்லை அண்ணை. பாக்கிறதுதான்."

"இவ்வளவு வாடகை குடுத்து, குளிர் போட்டு, ஒண்டும் விக்கேல்லை. நீர் படிப்பிச்ச மனுசன், இதை நம்புறீர்."

வாசலில் பையை வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். கண்ணுக்கு விடும் மருந்தும் மாற்றி உடுக்க ஒரு சாரமும்தான் அதற்குள் இருந்தன. அண்ணை ஒரு நூலை எடுத்து, பையின் வாயைத் தன் கடை முடிச்சால் கட்டினார். அந்த முடிச்சை வேறு யாராவது அவிழ்த்துக் கட்டினால் தனக்குத் தெரிந்துவிடும் என்றார். காவலுக்கு நின்ற பெடியனிடம் சிங்களத்தில் மெதுவாக ஏதோ சொன்னார். பெடியன் சிரித்தான். "என்ன சொன்னியள்?" என்றேன். "முடிச்சை எண்ணி வைச்சிருக்கிறன் எண்டு சொன்னனான்" என்றார்.

உள்ளே சேலைத்துணியால் தைத்த முச்சக்கரவண்டி ஒன்று கூரையிலிருந்து தொங்கியது. ஒரு மூலையில் சுவரைப் பார்த்தபடி ஒரு கதிரை. அதில் அமர்ந்து, தொங்கும் ஒலிக்கருவியைக் காதில் மாட்டினால் ஒரு மனிதர் யாரையோ ஓயாமல் ஏசிக்கொண்டிருக்கிறார். எனக்கு அது பிடித்திருந்தது. அண்ணை இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, "இவன் ஏசுறது வாடிக்கையாளனை இல்லை, வேலைக்காரனை" என்று தீர்ப்புச் சொன்னார். பிறகு சுற்றும் முற்றும் பார்த்தார். "ஒரு அலுமாரி இல்லை. மிச்சச் சாமானை எங்கை ஒளிச்சு வைச்சிருக்கிறாங்கள்?"

கடைசி அறையில் சன்னலோரம் நீளமான ஒரு பலகை. அதில் வரிசையாகக் கண்ணாடிப் போத்தல்கள், உள்ளே தண்ணீர். வெயில் பட்டு எல்லாம் ஒரே மாதிரித் தெரிந்தன. ஒவ்வொன்றின் கீழும் ஒரு சிறிய அட்டை. நெடுந்தீவு, நயினாதீவு, இறுப்பிட்டி. அதற்கு அடுத்தது: 'மடத்துவெளி. முன்பு நல்லதண்ணிக் கிணறு.'

அண்ணை அந்த அட்டையை இரண்டு தரம் வாசித்தார். 

"முன்பாம். ஆர் இவைக்கு முன்பு எண்டு சொன்னது?"

நான் பதில் சொல்வதற்குள் போத்தலின் மூடியைத் திருகி, உள்ளங்கையில் விட்டு, நாக்கை வைத்துவிட்டார். காவல்காரப் பெடியன் ஓடிவந்தான். அவன் பின்னால் நிலானியும் வந்தாள். காட்சிக்கு வைத்த பொருளை நக்கிப் பார்த்த முதல் ஆள் அவராகத்தான் இருக்க வேண்டும். உலகத்தில் வேறு எவனும் போத்தலைப் பார்ப்பான், அட்டையை வாசிப்பான், படம் எடுப்பான். தீவான் மட்டும்தான் குடித்துப் பார்ப்பான்.

"இது எங்கட கிணத்துத் தண்ணி இல்லை" என்றார் அண்ணை. "உப்புக் கரிக்குது. குழாய்த் தண்ணியிலை உப்பைக் கரைச்சு வைச்சிருக்கிறீர்."

நிலானி கோபிக்கவில்லை. தன் கைத்தொலைபேசியில் ஒரு படத்தை ஓடவிட்டு அவரிடம் நீட்டினாள். அயல்வீட்டுக்காரர் வாளியை இறக்குகிறார். கிணற்றுக் கட்டில் சீமெந்து ஈரமாக இருந்தபோது யாரோ குச்சியால் கீறிய 'க' என்ற எழுத்துத் தெரிந்தது. கீறியவர் யார் என்று நான் கேட்கத் தேவையிருக்கவில்லை. அவருடைய விரல் அந்தப் படத்தின் மேலே போய் நின்றது.

"எந்த மாசம் அள்ளினது?" என்று கேட்டார். குரல் இறங்கியிருந்தது.

"ஆவணி, ஐயா."

"அதுதானே பாத்தன். ஆவணியிலை அள்ளினால் எந்தக் கிணறும் கரிக்கும். மாரி பெஞ்ச பிறகு அள்ளியிருக்க வேணும். நான் வருசா வருசம் தையிலை குடிக்கிறனான். தேன்."

"ஆவணியிலை குடிச்சுப் பாத்தனீங்களே ஐயா?"

அவர் கைத்தொலைபேசியை அவளிடம் திருப்பிக் கொடுத்தார்.

"அங்கை போய் இருந்தால் ஆவணியிலையும் தண்ணி விடாய்க்கும்தானே" என்றாள். நக்கலாகச் சொல்லவில்லை. பேரப்பிள்ளை தாத்தாவிடம் கேட்பது போலத்தான் கேட்டாள். அண்ணை போத்தலை மூடி, இருந்த இடத்திலேயே, அட்டை பார்ப்பவர்களுக்குத் தெரியும்படி திருப்பி வைத்தார்.

வாசலில் பையை வாங்கினார். முடிச்சைப் பார்க்காமல் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். அவரை அறிந்த நாளிலிருந்து அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. 

யாழ்ப்பாணம் திரும்பும் ரயிலில் அநுராதபுரம் தாண்டிய பிறகுதான் வாய் திறந்தார். "தையிலை போகச் சொல்லி என்னை ஆரும் கேக்கேல்லை. ஆவணியிலை போக எனக்கு நேரமில்லாமலும் இல்லை." பையை அவிழ்த்துக் கண் மருந்தை எடுத்து மடியில் வைத்தார். "எல்லாரையும் சந்தேகப்பட்டன் காணும். இந்தக் கள்ளனை விட்டிட்டன்" என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

போன வருடம் ஆவணி வந்ததும் மடத்துவெளிக்குப் போனோம். அள்ளினார், நாக்கில் வைத்தார், மிச்சத்தை முற்றத்து வேம்புக்கு ஊற்றினார். வீடு வந்து கமலாவுக்குத் தொலைபேசி எடுத்து, "நீ சொன்னது சரி" என்றார். மறுமுனையில் அவள் பதறி, "அண்ணா, உங்களுக்குச் சுகமில்லையே?" என்று கேட்டது எனக்கே கேட்டது. கூரை திருத்தும் கதை அன்றோடு நின்றது. பவுசர்காரனோடு சண்டை பிடிப்பதையும் விட்டுவிட்டார். அதுதான் எனக்குத் தாங்க ஏலாமல் இருந்தது. சண்டை பிடிக்காத கனகலிங்கம் அண்ணையை நான் நம்பவில்லை.

செத்தவீட்டன்று மனோன்மணி அக்கா என்னைத் தனியே கூப்பிட்டார். "தன்னைக் குளிப்பாட்ட மடத்துவெளித் தண்ணிதான் வேணும் எண்டு சொன்னவர் மாஸ்டர். அள்ளுற ஆள் முதல் நாக்கிலை வைச்சுப் பாக்க வேணுமாம்."

முச்சக்கரவண்டியில் இரண்டு தண்ணீர்க் கான்களோடு போனேன். இறுப்பிட்டிக்குத் திரும்பும் சந்தியில் சாரதி, "உங்கட வீட்டுப் பக்கமும் போவமோ?" என்று கேட்டான். நேரமில்லை என்றேன். கனகலிங்கம் அண்ணையின் கிணற்றில் அள்ளி, உள்ளங்கையில் விட்டு, நாக்கு நுனியை வைத்தேன். நாக்கு சுருளும்படி கரித்தது.

திரும்பி வந்தபோது அக்கா படலையில் நின்றார். "எப்பிடி மாஸ்டர்?"

நல்லதண்ணி என்று சொல்ல வாய் உன்னியது. சொல்லியிருந்தால் எழும்பி வந்து சரிபார்க்க ஆளில்லை. ஆனால் அவர் அங்கே படுத்திருக்கப் பொய் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

"சவர்தான் அக்கா."

அக்கா கானைத் தொட்டுப் பார்த்தார். "ஓம். அவர் குடிக்கவே போறார்? ஊத்துங்கோ" என்றார்.

நிலானி செய்தி கேட்டுத் தொலைபேசி எடுத்தாள். அவர் குடித்துக் குறைத்த போத்தலை நிரப்பாமல் அப்படியே வைத்திருக்கிறாளாம். அட்டையிலிருந்து 'முன்பு' என்ற சொல்லை எடுத்துவிடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் பிள்ளை, கீழே மாதத்தை மட்டும் எழுதிவிடு என்றேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் கேள்வியைத்தான். எந்த மாசம்? யார் வந்து எதை நல்லது என்று சொன்னாலும் இப்போது எனக்கு அது வாய்க்குள் வந்துவிடுகிறது. பிள்ளைகள் சுகம் என்றாலும், ஊர் திருந்திவிட்டது என்றாலும்.

அந்தச் சன்னலோரப் பலகையில், மடத்துவெளிக்குப் பக்கத்தில், இறுப்பிட்டிப் போத்தலும் இருந்தது. அன்று நான் ஊரின் பெயரை மட்டும்தான் வாசித்தேன். அதற்கு அடுத்த வரியை வாசிக்கவில்லை. எங்கள் வளவிலும் நல்லதண்ணிக் கிணறு என்று முப்பது வருடமாக எல்லோருக்கும் சொல்லி வருகிறேன். நானும் போவது தையில்தான்.

மாரி தொடங்க இன்னும் நாள் இருக்கிறது. நாளைக்கு வாளியும் கயிறும் எடுத்துக்கொண்டு இறுப்பிட்டிக்குப் போகிறேன். வளவு துப்புரவாக்கப் போவதாக மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். அவள் நம்பவில்லை.