இறக்காத கொடி

பேராசிரியர் என் விடைத்தாளையும் பாடப் புத்தகத்தையும் மேசையில் அருகருகே வைத்திருந்தார். ஆயிரத்து அறுநூற்று ஐம்பத்திரண்டில் இங்கிலாந்துக்கும் ஒல்லாந்துக்கும் ஏன் கடற்போர் மூண்டது என்பது கேள்வி. நான் எழுதிய இரண்டு பக்கத்தில், புத்தகத்திலிருந்து ஒரு காற்புள்ளிகூட மாறவில்லை.

"பார்த்து எழுதியிருக்கிறீர்கள்" என்று சொல்லி ஒரு படிவத்தை நீட்டினார். ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் இந்தப் பாடத்தில் மட்டும் சித்தியில்லை, பெயில். மறுத்தால் விசாரணை, பட்டமே போகலாம். புலம்பெயர்ந்து வந்த ஸ்காபரோவில் பேக்கரி வேலையோடு எட்டு வருடமாக இழுத்துப் பறித்துப் படித்த கணிதப் பட்டம். வெளிப்பாடம் ஒன்று கட்டாயம் என்பதால் கடைசியாக எடுத்ததுதான் இந்த வரலாறு. யோசிக்க ஒரு கிழமை அவகாசம் கேட்டுக்கொண்டு வந்தேன்.

"உதில சைன் பண்ணிப்போட்டு வேற பாடம் ஒண்டை எடுமன். அவங்களோட ஏன் கொழுவுறீர்?" என்றார் கணவர்.

"செய்யாத களவுக்கு நான் சைன் பண்ணமாட்டன்."

எனக்கு அப்படியொரு கோபம். யாழ்ப்பாணத்து ரியூட்டரி வகுப்புகளில் படித்த நாங்கள் அறைக்குள் நடந்து நடந்து, வாய்விட்டுச் சொல்லிப் பக்கம் பக்கமாகப் பாடமாக்கியவர்கள். வரி பிசகாமல் எழுதினால் அங்கே கெட்டிக்காரி, இங்கே கள்ளி.

அடுத்த கிழமை புத்தகத்தைப் பேராசிரியர் கையில் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தொடங்கினேன். அரசனின் தலையை வெட்டிய பாராளுமன்றம் கடற்படையைப் பெருக்கியது, ஒல்லாந்தரின் வணிகத்தை மடக்கச் சட்டம் போட்டது, தங்கள் கடலில் எதிர்ப்படும் கப்பல்கள் கொடியை இறக்கி மரியாதை செய்ய வேண்டும் என்று அடம்பிடித்தது. ஒல்லாந்துத் தளபதி இறக்கவில்லை. டோவருக்கு அருகே பீரங்கிகள் வெடித்தன. பேராசிரியர் விரலால் வரிகளைத் தொடர்ந்துகொண்டே வந்தார். அடிக்குறிப்பையும் நான் ஒப்பித்தபோது புத்தகத்தை மூடிவிட்டுப் படிவத்தைக் கிழித்தார்.

வென்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

"நீங்கள் பார்த்து எழுதவில்லை. சரி, இதில் உங்களுடைய வரி எது?"

எனக்கு வெட்கமாக இருந்தது. ஐம்பத்தொரு வயதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை.

வெற்றுத்தாள் ஒன்றைத் தந்து, அதே கேள்விக்கு அரைமணி நேரம் கொடுத்தார். ஒரு துண்டுத் துணிக்காகவா இத்தனை பேர் செத்தார்கள் என்று எழுதி வெட்டினேன். பிறகு அந்தப் படிவம் ஞாபகத்துக்கு வந்தது. ஒருமுறை கொடியை இறக்கினால் அடுத்தமுறை அவர்கள் கேட்கமாட்டார்கள், நாங்களாகவே இறக்குவோம் என்று காத்திருப்பார்கள். அந்தத் தளபதிக்கு அது தெரிந்திருக்கும் என்று எழுதினேன். பிழையான ஆங்கிலத்தில் அரைப்பக்கம்தான் வந்தது.

நூற்றுக்கு ஐம்பத்து மூன்று போட்டார், மயிரிழையில் சித்தி. பள்ளிக்கூட நாளில் அப்படியொரு தாளை வீட்டில் காட்டியிருக்க மாட்டேன். பட்டம் கைக்கு வந்ததும் அதற்குப் பக்கத்தில் இந்தத் தாளையும் கண்ணாடி போட்டு மாட்டினேன்.

"அம்பத்து மூண்டையோ மாட்டுறீர்?" என்றார் கணவர்.

"ஓம். இது நான் எழுதினது."