மாற்றல் உத்தரவோடு ஜவ்வாது மலைக்கு

சனிக்கிழமை காலை ஐந்து நாற்பதுக்கு வேலூர் பஸ் நிலையத்தில் போளூர் பஸ் ஏறினேன். கையில் ஒரு ரெக்சின் பை. அதில் அரைக் கிலோ மிக்சர், இரண்டு பிஸ்கட் பாக்கெட், நான் வேலை பார்க்கும் ஜவுளிக் கடையிலேயே வாங்கிய நீலப் பூப்போட்ட மெல்லிய வாயில் துணிப் புடவை. சட்டைப் பையில் நாலாக மடித்த ஒரு காகிதம். அது என் மனைவி எஸ்தரின் மாற்றல் உத்தரவின் நகல். ஜவ்வாது மலையில் ஒரு சிற்றூரில் ஆசிரியையாக இருந்தவளை, வேலூரிலிருந்து ஏழெட்டு மைலில் உள்ள கணியம்பாடிக்கு மாற்றியிருந்தார்கள். அவள் பிறந்த ஊரும் அதுதான். இதற்காக ஆறு மாதம் கல்வி அலுவலகத்துக்கு நடையாய் நடந்திருக்கிறேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது. உத்தரவு தபாலில் போவதற்கு முன்பே நேரில் போய்க் கையில் கொடுத்து, அவள் முகம் மலர்வதைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை.

அவள் மலைக்குப் போய் ஒரு வருஷம் ஆகிறது. மாதம் ஒருமுறை அவள்தான் இறங்கி வருவாள். நான் ஒருமுறையும் ஏறியதில்லை. எனக்கு வளைவுப் பாதை ஆகாது, குடலைப் பிடுங்கிவிடும். கடைசி இரண்டு மாதமாக அவளும் வரவில்லை. பதிலாகக் கடிதம் வந்தது. "இங்கே நான் ரொம்ப சந்தோஷமாக இருக்கிறேன்" என்று எழுதியிருந்தாள். கரண்ட் இல்லாத ஊரில், சினிமாக் கொட்டகை இல்லாத ஊரில், ஒரு முழம் பூ வாங்கவும் கடை இல்லாத ஊரில் என்ன சந்தோஷம்? என் மனம் நோகக் கூடாது என்று பொய் எழுதுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

போளூருக்கு டிக்கெட் நாலே கால் ரூபாய். ஏழரைக்குப் போய்ச் சேர்ந்து, இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டேன். எட்டேகாலுக்கு ஜமுனாமரத்தூர் பஸ் புறப்பட்டது. சுமார் இருபத்தைந்து மைல், மூன்றே முக்கால் ரூபாய். பஸ்ஸில் ஆட்களைவிட மூட்டைகள் அதிகம். நாலாவது வளைவிலேயே அந்த இரண்டு இட்லியும் ஜன்னல் வழியாகப் போயின. கண்டக்டர் ஒரு புளியங்காயை உடைத்துக் கொடுத்தார்.

"முன்னால வந்து குந்துங்க சார். பள்ளத்தப் பாக்காதீங்க, ரோட்டப் பாருங்க. மேல இன்னா வேல?"

"என் சம்சாரம் அங்கே டீச்சர். எஸ்தர்னு பேர்."

"அட, நம்ம எஸ்தர் டீச்சரூட்டுக்காரரா! எங்கூட்டு ஆளு அந்த ஊருதான் சார். டீச்சரு இன்னாமா நீச்சல் அடிக்கிறாங்களாமே! இந்தாண்ட முங்கி அந்தாண்ட எந்திரிக்கிறாங்கன்னு சொல்லிச்சு."

அவர் வேறு யாரையோ சொல்கிறார் என்று எனக்குத் தோன்றியது. எஸ்தருக்கு முழங்கால் தண்ணீரைக் கண்டாலே பயம். பாலாற்றில் அதிசயமாக வெள்ளம் வந்தபோது பாலத்தின் மேல் என் கையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தவள். புளியங்காயைச் சப்பிக்கொண்டு, அந்த மலையில் இன்னொரு எஸ்தர் டீச்சர் இருக்க முடியுமா என்று மீதி வளைவுகள் முழுக்க யோசித்தேன்.

பத்தேகாலுக்கு ஜமுனாமரத்தூர். நாலைந்து கடைகள், ஒரு டீக்கடை. சந்தை நாள் இல்லாததால் நாய்கள் நடுரோட்டில் படுத்திருந்தன. அங்கிருந்து அவள் ஊருக்கு மூன்று மைல் நடை. அந்த வாரம் மழை பெய்திருந்தது. இருபுறமும் சாமைக் கொல்லைக்காக உழுது போட்ட செம்மண், இடையிடையே புளியமரங்கள். நல்ல காற்று. ஆனால் காற்றை ரசிக்கிற மனநிலையில் நான் இல்லை.

பதினொன்றரை மணிக்கு அவள் அறையைக் கண்டுபிடித்தேன். மண் சுவர், புல் கூரை, பத்தடிக்குப் பத்தடி. கதவு திறந்தே கிடந்தது. ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பாய், அரிக்கேன் விளக்கு, ஆணியில் மாட்டிய இரண்டு புடவை. போன பொங்கலுக்கு நான் வாங்கிக் கொடுத்த டிரான்சிஸ்டர் பரண்மேல் இருந்தது. திருகிப் பார்த்தேன். பேட்டரி தீர்ந்து எத்தனை நாளோ, புதிதாகப் போடவே இல்லை. இதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம், எப்படிக் கஷ்டப்படுகிறாள்!

அப்போது அவளே வந்தாள். தலை ஈரம், தோளில் பிழிந்த துணிகள். கறுத்திருந்தாள். என்னைக் கண்டதும் துணிகளைப் போட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள்.

"ஏங்க! நீங்களா? மலையேறியா வந்தீங்க? எத்தினி தடவ வாந்தி எடுத்தீங்க?"

"மூணு."

மறுபடியும் சிரித்தாள். இந்தச் சிரிப்பை வேலூரில் நான் கேட்டதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம், கொஞ்சம் பயம்.

சாமைச் சோறும் கொள்ளு ரசமும் போட்டாள். நான் புடவையை எடுத்துக் கொடுத்து, "பிடிச்சிருக்கா?" என்றேன். "நல்லா இருக்குங்க" என்று வாங்கிப் பெட்டிக்குள் வைத்தாள். மாற்றல் உத்தரவை அப்போதே கொடுத்திருக்கலாம். நல்ல சரக்கைக் கடைசியில்தான் எடுத்துப் போட வேண்டும் என்பது எங்கள் கடைப் பழக்கம். மறுநாளுக்கு வைத்துக்கொண்டேன்.

நாலு மணிக்கு, "வாங்க, ஒண்ணு காட்டறேன்" என்று கூட்டிக்கொண்டு போனாள். பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணு என்ற பெண்ணும் கூட வந்தாள். எஸ்தர் வயதுதான் இருக்கும், வாய் ஓயாத பெண். அரை மைல் தள்ளி ஓடை ஒன்று பாறைகளுக்கு நடுவே தேங்கி மடுவாக நின்றது. பழைய புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இருவரும் இறங்கினார்கள். நான் பாறையில் உட்கார்ந்தேன். என் மனைவி முங்கினாள். நான் எழுந்து நின்றுவிட்டேன். அவளைக் காணவில்லை. "சின்னப்பொண்ணு! சின்னப்பொண்ணு!" என்று கத்தினேன்.

"எதுக்கு சார் கத்தறே? அதோ பாரு."

எதிர்க்கரையில் எஸ்தர் எழுந்து முகத்தை வழித்துக்கொண்டிருந்தாள். கண்டக்டர் சொன்னது இவளைத்தான்.

"மூணு மாசமாச்சு சார் கத்துக் குடுக்க. மொதல்ல எருமையாட்டம் முழுகிச்சு, இப்ப மீனாட்டம் போவுது" என்றாள் சின்னப்பொண்ணு.

எஸ்தர் மல்லாந்து கிடந்து வானத்தைப் பார்த்தாள். ஒரு மணி நேரம் அப்படியே போனது. யாரும் டிக்கெட் கேட்கவில்லை. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. "நல்லா இருக்கா?" என்று கரையிலிருந்து கேட்டேன். காது தண்ணீருக்குள் இருந்ததாலோ என்னவோ, அவள் பதில் சொல்லவில்லை. அந்த மடுவுக்கு நான் ஒன்றும் செய்யவில்லை. என்னால் அவளுக்குக் கிடைத்ததும் இல்லை. அதனால் அவள் முகத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்றே எனக்குப் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. பக்கத்தில் தேவாலயம் இல்லாததால் வாசலில் உட்கார்ந்து இருவரும் பைபிளில் ஒரு சங்கீதம் வாசித்தோம். ஒன்பது மணிக்குச் சின்னப்பொண்ணு தன் கொல்லைக்குக் கூப்பிட்டாள். பலாமரத்தில் அடியிலிருந்து நுனிவரை பழம். ஒன்றைப் பிளந்து நடுவில் வைத்தாள். வழியில் போன இரண்டு பேர் தாங்களாகவே வந்து குந்தித் தின்றுவிட்டு, கையை வைக்கோலில் துடைத்துக்கொண்டு போனார்கள். யார் என்று கேட்டேன். சின்னப்பொண்ணுக்கே தெரியவில்லை. நானும் இருபது சுளை தின்றிருப்பேன். முதலாளி வீட்டுக்கு ஒன்று கொண்டுபோனால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது. "ஒரு பழம் என்ன விலை?" என்றேன்.

அவள் எஸ்தரைப் பார்த்தாள். எஸ்தர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வவுறு முட்டத் துன்னு சார், உன்ன யாரு வாணான்னது? தூக்கினு போவத்தான் கூடாது. விக்கறதுக்கு வேற மரம் கீது. இது துன்ற மரம்."

"சும்மாவே இருபது சுளை கொடுக்கிறாய், காசுக்கு ஒன்று கொடுக்க மாட்டாயா?"

"அதான் சார், துன்னுட்டியே!" என்றாள், நான்தான் ஏதோ புரியாத பாஷை பேசுவதுபோல. வியாபாரத்தில் பன்னிரண்டு வருஷம் இருக்கிறேன். இந்தப் பேச்சில் எங்கே தவறு செய்தேன் என்று இன்றுவரை விளங்கவில்லை.

பதினோரு மணிக்கு அறைக்குத் திரும்பினோம். இனித் தாமதிக்க முடியாது. உத்தரவை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். எஸ்தர் படித்தாள். மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். நான் எதிர்பார்த்து வந்த முகம் வரவில்லை.

"ஆறு மாசம் அலைஞ்சீங்களா?"

"ஆமா. கணியம்பாடி. உங்க அம்மா வீடு. பஸ்ஸில் அரை மணி நேரம். பிடிச்சிருக்கா?"

"எனக்கு ஒரு வார்த்த எழுதியிருக்கலாமேங்க" என்றாள். அப்புறம் எனக்குச் சோறு போட்டாள்.

இரண்டரை மணி பஸ்ஸைப் பிடிக்கப் பன்னிரண்டே முக்காலுக்குக் கிளம்பினோம். வழியனுப்ப அவளும் நடந்து வந்தாள். முதல் மைல் முழுக்க என் மனதில் ஒரே ஒரு கேள்வி. கேட்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். கடைசியில் கேட்டுவிட்டேன்.

"எஸ்தர், நான் பக்கத்தில் இல்லாததால்தான் நீ சந்தோஷமாக இருக்கிறாயா?"

அவள் நிற்கவில்லை. ஒரு பத்து அடி நடந்த பிறகு, "கொஞ்சம்" என்றாள். "ஆமாங்க. கொஞ்சம் அப்படித்தான்."

இல்லை என்று சொல்வாள் என்றுதான் கேட்டிருந்தேன்.

"கோச்சுக்காதீங்க. வேலூர்ல ஞாயித்துக்கெழம ஆனா சினிமாவுக்குக் கூட்டினு போவீங்க. இன்டர்வெல்ல 'நல்லா இருக்கா?'ம்பீங்க. ஓட்டல்ல தோச வந்ததும் 'நல்லா இருக்கா?'ம்பீங்க. கால் கடுக்க நின்னு சம்பாரிச்ச காசு. நல்லா இல்லன்னு எப்பிடிங்க வாய் வரும்? இருக்கு, இருக்குன்னு சொல்லிச் சொல்லி, எது நெஜமா நல்லா இருந்துச்சின்னு எனக்கே தெரியாமப் போச்சு. இங்க தண்ணியில கெடந்தா என்ன யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல."

"அப்போ வேலூரில் நீ சிரித்ததெல்லாம்?"

"பாதி நெஜம்" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர். "நேத்து உங்களப் பாத்து சிரிச்சேன் பாருங்க, அது முழுசும் நெஜம்."

ஜமுனாமரத்தூர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, கையோடு கொண்டுவந்த நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதினாள். மாற்றலை ரத்து செய்து, மலைப் பள்ளியிலேயே தொடர அனுமதிக்க வேண்டும் என்று மனு. கையெழுத்துப் போட்டு, உத்தரவோடு சேர்த்து என்னிடம் நீட்டினாள்.

"குடுக்கறதும் குடுக்காததும் உங்க இஷ்டம். குடுக்கலன்னா கீழ வர்றேன், மனசாரத்தான் சொல்றேன். வந்தப்புறம் சந்தோஷமா இருக்கியான்னு மட்டும் கேக்காதீங்க."

பஸ் புறப்பட்டது. இறங்கும்போது ஏனோ குமட்டவில்லை. சட்டைப் பையில் இரண்டு காகிதங்கள். போளூர் வரைக்கும் ஒன்றைக் கிழித்துப் போட நினைத்தேன். போளூர் தாண்டியதும் இன்னொன்றை. ஏழு மணிக்கு வேலூர். பஸ் நிலையத்தைச் சுற்றிலும் டியூப் லைட். சர்பத் கடை, பூக்கடை, முதல் ஆட்டம் தொடங்கிவிட்ட சினிமாவின் சுவரொட்டி. எல்லாமே பழகியவைதான். ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, இதில் எங்கே எஸ்தர் நிஜமாகச் சிரித்தாள் என்று நினைவுபடுத்திப் பார்த்தேன். மழையில் குடை பிய்ந்து கோட்டை மதில் ஓரம் ஓடிய ஒரு சாயங்காலம் ஞாபகம் வந்தது. அன்றைக்குச் சினிமாவுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை பத்தரை மணிக்கு அலுவலகத்தில் நின்றேன். ஆறு மாதமாக என்னைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன அதே குமாஸ்தா மனுவைப் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இன்னா சார் இது? அவனவன் மலையிலேர்ந்து எறங்கணும்னு அழுவறான். நீங்கதானே தெனமும் வந்து நின்னீங்க? அங்க அப்பிடி இன்னாதான் கீது?"

"தெரியவில்லை சார்" என்றேன். அவர் முத்திரையைக் குத்தி மனுவைக் கட்டுக்குள் போட்டார். கை நீட்டித் திரும்ப வாங்கிவிடலாம் போலத்தான் இருந்தது. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

இதை எழுதும்போது எட்டு வாரம் ஆகிறது. மாற்றல் ரத்தாகிவிட்டது. சனிக்கிழமைகளில் முதலாளி என்னை மதியத்தோடு விட்டுவிடுகிறார், அரை நாள் சம்பளம் போகிறது. இதுவரை ஐந்து தடவை ஏறியிருக்கிறேன், வாந்தி ஒன்றாகக் குறைந்திருக்கிறது. மடுவில் இடுப்பளவு வரை இறங்குகிறேன். வாய் வரைக்கும் வந்த கேள்வியை விழுங்கிக்கொள்கிறேன். நான் எதற்காகப் போகிறேன், அவள் இறங்கி வரும் நாள் வருமா, நான் செய்தது சரிதானா என்று ஒன்றும் தெளிவாகவில்லை. வாசகர்கள் யாராவது, அவ்வளவு தூரம் போனால் ஜவ்வாது மலையில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டால், மற்றவர்களுக்காகச் சொல்ல எனக்குத் தெரியாது. எனக்கு அங்கே என் மனைவி இருக்கிறாள்.