திரைக்குப் பின்னால் பார்த்த படங்கள்

புக்கிட் மெர்தாஜாம் சந்தையைத் தாண்டி ஒரு மைல் வந்த பிறகுதான் செருப்பு வார் அறுந்திருப்பதைக் கவனித்தேன். இரண்டையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். பட்டர்வொர்த் படகுத்துறைக்கு இன்னும் ஆறேழு மைல் இருக்கும். ரயில் சாயங்காலம்தான். அதுவரை ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல், நல்ல வெயில்.

நான் எழுந்து வந்தது ஒரு பயாஸ்கோப் கொட்டகையிலிருந்து. படம் முடிந்து, சன்னல்களைத் திறந்து, தரையைக் கூட்டுகிறவன் என் காலருகே துடைப்பத்தோடு வந்து நின்று, "அடுத்த ஆட்டம் சாயங்காலந்தான் அண்ணே" என்று சொன்ன பிறகுதான் எழுந்தேன். அன்று காலை நான் அந்த ஊருக்கு வந்தது படம் பார்க்க அல்ல, என் அண்ணனைத் தேடி. தோட்டத்துக் கூலியாட்களின் லயத்தில் அவன் இருந்த அறையில் வேறு குடும்பம் இருந்தது. அடுப்பை ஊதிக்கொண்டிருந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அவரா? கப்பலேறிப் பன்னெண்டு நாளாச்சு. நீங்கதான் அந்தத் தம்பியா? வருவான் வருவான்னு சொல்லிக்கிட்டே இருந்தாராம்."

குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டுத் திரும்பினேன். சந்தைத் தெருவில் தப்படித்துக்கொண்டு ஒரு விளம்பரப் பலகையைத் தூக்கிப் போனார்கள். அதிலிருந்த முகம் எனக்குத் தெரிந்த முகம். பினாங்கில் ஐந்து மாதத்துக்கு முன் பார்த்த படம். அந்தப் படம்தான் என்னை இவ்வளவு நாளும் அண்ணனிடம் வரவிடாமல் வைத்திருந்தது. ரயிலுக்கு நேரமிருந்தது, போய் உட்கார்ந்தேன்.

படங்கள் பேசாத காலம் அது. படத்துக்கு நடுநடுவே இங்கிலீஷ் எழுத்து வரும். கதை அதில்தான் இருக்கும். பினாங்கில் துறைமுகத்துக்குப் பக்கத்துத் திடலில் கூடாரம் போட்டிருந்தார்கள். நடுவில் வெள்ளைத் துணி. துணிக்கு முன்னால் நாற்காலிகள், பின்னால் பலகைகள். ஆட்டம் தொடங்குமுன் ஓர் ஆள் வாளியோடு வந்து துணி முழுக்கத் தண்ணீர் வீசி நனைப்பான். நனைந்தால்தான் படம் பின்பக்கமும் தெரியும். துணி காயக் காயப் படம் மங்கும். "தண்ணி, தண்ணி" என்று பலகைக்காரர்கள் சத்தம் போடுவார்கள். ரீல் மாற்றும்போது அவன் மறுபடி வந்து வீசுவான், எங்கள் மேலும் கொஞ்சம் விழும். துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த எனக்கு இடம் பின்பக்கம்தான்.

பின்பக்கத்தில் எழுத்தெல்லாம் இடவலம் மாறித் தெரியும். இங்கிலீஷ் தெரிந்தவனுக்கே அது கஷ்டம். எனக்கோ தமிழே மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் எங்கள் பலகையில் ஒருவர் இருந்தார். அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோப்பவர், என்னைவிடப் பத்து வயது பெரியவர், நான் குடியிருந்த அதே வீட்டில் மாடியில் இருந்தார். முதல் நாளே என் தோளில் தட்டிச் சொன்னார்.

"ஈய எழுத்து எப்படி இருக்கும் தெரியுமா தம்பி? திரும்பித்தான் இருக்கும். காலையிலேர்ந்து பொழுது சாயிற வரைக்கும் அதைத்தான் படிக்கிறேன். முன்னாடி உக்காந்திருக்கிற தொரைங்களுக்குத்தான் நேர் எழுத்து வேணும். எனக்கு இந்தப் பக்கம்தான் லேசு."

அதில் தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை. யாருக்கும் தெரியவில்லை. எழுத்து வந்ததும் பலகையில் எல்லாரும் அவர் வாயைப் பார்ப்பார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அதிகாரி பேசினால் அதிகாரி குரலிலும் பெண் பேசினால் மெல்லிய குரலிலும் சொல்லுவார். ஒருமுறை எழுத்து வருமுன்பே சொல்லிவிட்டார். முந்தின வரியிலேயே தெரிந்துவிட்டது என்றார். அவர் புத்தியை மெச்சிக்கொண்டோம்.

ஒரு வருஷம், வாரம் தவறாமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த ஆண்டுப் படங்களில் எது நல்லது என்று சரக்குக் கிட்டங்கி வாசலில் பேச்சு வந்தால் எனக்கு ஒரு வரிசை இருந்தது, யார் கேட்டாலும் சொல்லுவேன். முதலில், கலங்கரை விளக்கத்தில் தனியாக இருக்கும் பெண்ணின் படம். கடலில் போன தகப்பன் இறந்துவிட்டான் என்று ஊரே சொல்லியும் நம்பாமல் தினம் விளக்கேற்றுவாள். அடுத்தது கண் தெரியாமல் போகும் வைத்தியன். தன் கண் போவதை மறைத்துக்கொண்டு, விரலால் தடவிப் பார்த்தே மருந்து கொடுப்பான். பிறகு குதிரைக்காரன் ஒருவன், பணக்காரன் வீட்டுப் பெண்ணை ஆற்றைத் தாண்டிக் கொண்டுபோய் அவள் காதலனிடமே விட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் போவான். பிறகு ரொட்டிக் கடைக்காரன் படம், அது சிரிப்பு. மாவுத் தொட்டியில் விழுந்தவன் கடைசிவரை வெள்ளையாகவே ஓடுவான்.

எல்லாவற்றுக்கும் மேலே நான் வைத்திருந்தது அண்ணன் தம்பி படத்தை. அது பிடித்தது என்று சொல்ல முடியாது. ஆனால் அதைப்போல எதுவும் என்னை அசைத்ததில்லை.

நான் தோட்டத்திலிருந்து ஓடிவந்தவன். கங்காணி என்னைப் பிடிக்க முடியாமல் என் அண்ணனை அடித்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன். மூன்று வருஷம் அந்தப் பக்கம் போகவில்லை. பிறகு ஒருநாள் தோட்டத்து வண்டிக்காரன் துறைமுகத்தில் என்னைக் கண்டுபிடித்து, அண்ணன் சொல்லியனுப்பியதைச் சொன்னான். பழைய கங்காணி போய்விட்டான், பயமில்லை, ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போ, நான் ஊருக்குப் போகலாம் என்று இருக்கிறேன், வந்தால் சேர்ந்து போகலாம். இதுதான் சேதி. அன்று சாயங்காலம் அச்சுக்கூடத்து அண்ணனிடம் இதைச் சொன்னேன். அவரிடம் சொல்லாதது எதுவும் அப்போது எனக்கு இல்லை.

அந்த வாரமே அந்தப் படம் வந்தது. சிறையிலிருந்து தப்பி வரும் தம்பி. அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டுகிறான். அண்ணன் கட்டிப்பிடித்துக்கொண்டு சோறு போடுகிறான். வாசலில் போலீஸ். அண்ணன் போய்க் கதவைத் திறந்து, கையை நீட்டிக் காட்டி, ஏதோ சொல்கிறான். எழுத்து வந்தது.

"உள்ளதான் இருக்கான், பின்வாசலைப் போய் அடைங்க" என்று அச்சுக்கூடத்து அண்ணன் படித்தார்.

போலீஸ்காரர்கள் அண்ணன் காட்டிய பக்கம் ஓடுகிறார்கள். தம்பி வயலில் ஓடுகிறான். அண்ணன் தனியாக மேசையில் தலையை வைத்து அழுகிறான். "காட்டிக் கொடுத்த பாவம், அழுவுறான்" என்றார். கடைசியில் தம்பி ஒரு கடிதம் எழுதுவதைக் காட்டினார்கள். "இனி உன் முகத்தில் முழிக்க மாட்டேன்னு எழுதறான்" என்றார்.

திரும்பி நடக்கும்போது அவர் என்னிடம் வேறெதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. வண்டிக்காரன் பதிலுக்கு வந்தபோது, வேலை அதிகம் என்று சொல்லியனுப்பினேன். ஐந்து மாதம் கழித்து, அண்ணன் பெட்டி கட்டிவிட்டான் என்று யாரோ சொல்ல, மனம் கேட்காமல் போனேன். அதற்குள் அவன் போய்விட்டான்.

புக்கிட் மெர்தாஜாம் கொட்டகை பலகையால் கட்டியது. திரை சுவரோடு ஒட்டியிருந்தது, பின்பக்கம் என்று ஒன்று இல்லை. வாழ்க்கையில் முதல் முறையாக முன்னால் உட்கார்ந்தேன். எனக்கு முன்வரிசையில் ஏதோ தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி தன் மனைவியோடு இருந்தார். எழுத்து வரவர அவளுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார், அலுப்பாக, கணக்குப் பிள்ளை சீட்டைப் படிப்பதுபோல.

முதலில் என்னைத் திகைக்க வைத்தது கை. தம்பி வலது கையால் சாப்பிட்டான். ஐந்து மாதத்துக்கு முன் இடது கையால் சாப்பிட்டவன். பின்பக்கத்தில் நாங்கள் பார்த்த வெள்ளைக்காரர்கள் எல்லாரும் இடது கைக்காரர்கள். எழுதுவது, சுடுவது, சலாம் வைப்பது எல்லாம் இடது கைதான். அது அவர்கள் தேசத்து வழக்கம் என்று பலகை முழுக்க நம்பினோம். துறைமுகத்து துரை வலது கையால் கையெழுத்துப் போடுவதை நான் ஒருமுறை அச்சுக்கூடத்து அண்ணனிடம் சொன்னேன். "இங்க வந்து நம்ம பழக்கத்தைப் பாத்து மாத்திக்கிட்டாங்க தம்பி" என்றார். எழுத்து திரும்பித் தெரியும் என்று தெரிந்த எனக்கு, கையும் திரும்பித் தெரியும் என்று ஒரு வருஷம் உறைக்கவில்லை.

பிறகு கதவு, போலீஸ், நீட்டிய கை.

"இங்க இல்ல, ஆத்துப் பக்கம் ஓடிட்டான்கிறான்" என்றார் கிராணி.

"பொய்யா சொல்றான்?" என்றாள் மனைவி.

"தம்பிய மறைச்சு வச்சுட்டு வேற என்ன சொல்லுவான்?"

போலீஸ் ஓடியது. தம்பி வேறு வழியாக வயலில் ஓடினான். அண்ணன் மேசையில் தலை வைத்து அழுதான். கடைசியில் கடிதம். "சேர்ந்துட்டேன், நீயும் வந்துருன்னு எழுதறான்" என்றார் கிராணி. அவர் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சாலையில் நடக்கும்போது மற்றப் படங்களும் ஒவ்வொன்றாகக் கழன்றன. அந்தப் பெண் விளக்கேற்றியது தகப்பனுக்குத்தானா? வைத்தியனுக்கு உண்மையிலேயே கண் போனதா, வேறு ஏதாவது வியாதியா? குதிரைக்காரன் அந்தப் பெண்ணைக் காதலனிடம் விட்டானா, அவள் அண்ணனிடம் விட்டானா, விற்றானா? பார்த்த முகங்கள் எல்லாம் அப்படியே இருந்தன. அவர்களுக்கு என்ன நடந்தது என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை. மாவுத் தொட்டியில் விழுந்தவன் மட்டும் மிஞ்சினான். அந்தப் படத்தில் எழுத்தே வராது.

படகில் ஏறும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கரையேறி நேராக வீட்டுக்குப் பக்கத்து முடிதிருத்தும் கடைக்குப் போனேன். ஞாயிறு சாயங்காலம் அச்சுக்கூடத்து அண்ணன் அங்கேதான் இருப்பார். முகத்தில் பாதி சோப்போடு நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

"வா தம்பி. அண்ணனைப் பாத்தியா?"

கடைக்காரர் சுவரில் ஒட்டியிருந்த சோப்பு விளம்பரத்தைப் பிய்த்தேன், இங்கிலீஷில் இருந்தது.

"டேய், அது அழகுக்கு ஒட்டுனது" என்றார் கடைக்காரர்.

"இதைப் படிங்கண்ணே."

அவர் வாங்கிப் பார்த்தார். சிரித்தார். "இது நேரா இருக்கே தம்பி."

நான் அதைக் கண்ணாடி முன்னால் பிடித்தேன். "இப்ப திரும்பி இருக்கு. படிங்க."

கண்ணாடியில் எழுத்தும் அவர் முகமும் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தன. கத்தியைத் தூக்கியபடி கடைக்காரர் நின்றார்.

"படிலா" என்றார் கடைக்காரர். "சோப்புன்னாவது படி. நொரை மூஞ்சியிலேயே இருக்கு."

அச்சுக்கூடத்து அண்ணன் படிக்கவில்லை. "நான் கோக்கிறது தமிழ் எழுத்துதான்" என்றார்.

"ஒரு வருஷமா?"

"சொன்ன கதை நல்லா இல்லையா? நீயே கிட்டங்கியில எல்லார்கிட்டயும் சொன்னியே."

நல்லாத்தான் இருந்தது. அதை இல்லை என்று சொல்ல என் வாய் வரவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபத்தை உண்டாக்கியது.

"அண்ணன் தம்பி படத்துல அவன் காட்டிக் குடுக்கல" என்றேன். "மறைச்சு வச்சான்."

"அப்படியா" என்றார். உண்மையிலேயே அவருக்கு அது புதுச் செய்தி. பிறகு கண்ணாடியைப் பார்க்காமல் குனிந்துகொண்டார். "ரெண்டு விதமாவும் சொல்லலாம்னு அன்னைக்கே தோணுச்சு. கதவைத் தொறந்தான், கைய நீட்டுனான். மறைச்சான்னு சொன்னா நீ மறுநாளே வண்டியேறிருப்ப. போனா திரும்பி வரமாட்ட."

"வந்தா என்ன, வராட்டி உங்களுக்கு என்ன?"

"பலகையில மத்தவன் எல்லாம் பாதியில தூங்கிடுவான். நீ ஒருத்தன்தான் கடைசி வரைக்கும் கேப்ப."

"எங்கண்ணன் போய்ட்டாரு. பன்னெண்டு நாளாச்சு."

அவர் வாயைத் திறந்தார். சோப்பு காய்ந்து கன்னத்தில் வெடித்திருந்தது. ஒரு வருஷத்தில் என்னிடம் சொல்ல அவருக்குக் கதை இல்லாமல் போனது அந்த ஒருமுறைதான். விளம்பரத்தைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். என் பாயையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு துறைமுகத்துத் தோழன் ஒருவன் அறைக்குப் போனேன்.

மறுநாள் காலை மூட்டை தூக்கப் போகவில்லை. திடலுக்குப் போனேன். கூடாரத்து மேஸ்திரி கயிறுகளை இறுக்கிக்கொண்டிருந்தார். அவர்கள் பெரிய மழைக்கு முன் கூடாரத்தைப் பிரித்து நாகப்பட்டினத்துக்கு, அண்ணன் போன அதே துறைக்கு, கப்பலேற்றுவார்கள் என்று தெரியும். வாளிக்காரன் கூலி போதாது என்று முந்தின வாரமே நின்றுவிட்டதும் தெரியும்.

"துணி நனைக்க ஆள் வேணுமாண்ணே?"

"தூக்குற வேலை செஞ்சவன் மாதிரி இருக்க. கொட்டகை கப்பலேறும்போது கூட வருவியா? பாதியில ஓடிட மாட்டியே?"

"ஊரு வரைக்கும் வர்றேன்."

"சம்பளம்?"

"குடுக்கிறத குடுங்க. ஆட்டம் நடக்கறப்ப முன்பக்கம் நிக்கணும், அது மட்டும்."

அவர் வாளியை என் பக்கம் காலால் தள்ளினார். துணியில் பழைய அழுக்கு ஏறியிருக்கிறது, வெயிலுக்கு முன் அலசிவிடு என்றார். தண்ணீர் குழாய் பின்பக்கம் இருந்தது. பலகைகள் காலியாகக் கிடந்தன. எங்கள் பலகையைத் தாண்டிப் போய் வாளியை நிரப்பிக்கொண்டு முன்பக்கம் வந்தேன்.