பந்தடியைப் பார்த்தேன், குளவியை மறந்தேன்

நான் இலங்கை மலையகத்தில் நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வசிப்பவன், கிரிக்கெட் பைத்தியம். என் மனைவி கொழுந்து எடுப்பவள்.

ஒரு ஞாயிறு மாலை விறகு பொறுக்கப் போனபோது, ஏழாம் நம்பர் மலையில் ஒரு மரத்தில் பெரிய குளவிக்கூட்டைக் கண்டேன். வேலையை மேற்பார்க்கும் கங்காணியிடம் சொன்னால் அந்த மலைக்குக் கொழுந்தெடுக்க ஆள் அனுப்பமாட்டார். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் சொல்லிக்கொள்ளலாம் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் விடியும்போதே டிவி முன்னால் உட்கார்ந்தேன். ஆஸ்திரேலியாவில் டெஸ்ட் ஆட்டத்தின் கடைசி நாள். தோல்வியைத் தவிர்க்க இந்திய வீரர்கள் உடம்பெல்லாம் பந்தடி வாங்கியும் அசையாமல் நின்றார்கள்.

மனைவி கூடையை எடுத்துக்கொண்டு, "என்னங்க, பெரட்டுக்கு நேரமாச்சு, போயிட்டு வர்றேன்" என்றாள். அந்த நேரம் பார்த்து ஒருவரின் விலாவில் பந்து பட்டது. திரும்பிக்கூடப் பார்க்காமல் "ம்" என்றேன். குளவிக்கூடு நினைவிலேயே இல்லை.

பகலில் ஆட்டம் சமநிலையில் முடிந்தது. கைதட்டிக்கொண்டே வெளியே வந்தேன். எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்கு முன்னால் லொறி நின்றது. ஏழாம் நம்பர் மலையில் குளவி கொட்டிய ஐந்து பெண்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றியிருந்தார்கள். என் மனைவிக்கு முகம் வீங்கிக் கண்ணே திறக்கவில்லை.

நல்லவேளை, எல்லோரும் பிழைத்தார்கள். மூன்றாம் நாள் வார்டில் அவளிடம், பந்தடி வாங்கியவர்களைப் பார்த்துக்கொண்டே கூட்டைச் சொல்ல மறந்த உண்மையைச் சொன்னேன். அவள் திட்டவில்லை.

"அவங்களுக்குப் பந்து வர்றது தெரியுமுங்க. எங்களுக்கு யாரு சொன்னா?" என்று மட்டும் கேட்டாள்.

இப்போதெல்லாம் கூட்டைக் கண்ட இடத்திலிருந்தே கங்காணிக்குப் போன் செய்கிறேன். ஆள் வந்து எச்சரிக்கைக்குச் சிவப்புத் துணி கட்டும்வரை நகர்வதில்லை. அந்த ஆட்டத்தை டிவியில் இன்னும் போடுகிறார்கள். விலாவில் பந்து படும் இடம் வருமுன் எழுந்து போய்விடுகிறேன்.