மெத்தை கட்டிய கார்

என் கடைசி மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்த அன்று சம்மந்தி ஆச்சி சொன்ன ஒரு வார்த்தையில் எனக்குச் சோறு இறங்கவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது.

"சாமானே வேணாம் ஆச்சி. பிள்ளைக ரெண்டும் பெட்டியத் தூக்கிக்கிட்டு அமெரிக்காவுக்கு ஏரோப்பிளேன் ஏறப் போகுதுக. அங்க போயி அண்டாவையும் குண்டாவையும் வச்சு என்ன பண்ணுறது?" என்றார்.

எங்கள் காரைக்குடிப் பக்கத்து ஆட்களிடம் சாமான் என்றால் வெறும் பாத்திரம் என்று நினைத்துவிடக் கூடாது. பெண் பிறந்ததிலிருந்து தாய் சேர்க்கிறாள். பித்தளை, வெண்கலம், எவர்சில்வர், பாய், மெத்தை, அரிவாள்மணை வரைக்கும். கல்யாணத்துக்கு அத்தனையையும் வீட்டு நடுவில் முற்றத்தைச் சுற்றியுள்ள வளவு முழுக்கப் பரப்பி வைப்போம். ஊர் வந்து பார்த்துவிட்டுப் போகும். மூத்த பெண்களுக்குப் பரப்பினேன். கடைசிப் பெண்ணுக்குப் பரப்பாவிட்டால், அந்த வீடு நொடித்துவிட்டது என்று பேசுவார்கள். பேசினால் பேசட்டும் என்று விடுகிறவள் நான் இல்லை.

மாப்பிள்ளை அமெரிக்காவில் பெரிய படிப்பு படித்துக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்காக மானகிரியில் இருக்கும் அவர்கள் வீட்டுக்கு வந்து இறங்கியவர், தான் குடியிருக்கிற இடத்தை நாங்கள் பார்க்கட்டும் என்று ஒரு வீடியோ கேசட்டைக் கொடுத்து அனுப்பியிருந்தார். அன்றைக்கு மகளும் என் வீட்டுக்காரரும் கோவில் காரியமாக இளையாத்தங்குடிக்குப் போயிருந்தார்கள். அவர்கள் வரும்வரை எனக்குப் பொறுக்கவில்லை. காரைக்குடிக் கடையிலிருந்து வாடகைக்கு வீடியோ டெக் வரவழைத்தேன். கடைக்காரர் வந்து எங்கள் கறுப்பு வெள்ளை டி.வி.யில் மாட்டி, ஓட விட்டுவிட்டுப் போய்விட்டார். கலர் டி.வி. வாங்கச் சொன்னால், "படம் தெரியுதுல்ல, சாயம் எதுக்கு?" என்று கேட்கிற மனிதர் என் வீட்டுக்காரர். கேசட்டின் மேல் இங்கிலீஷில் ஏதோ எழுதியிருந்தது. நான் தமிழையே எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். நானும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் நாத்தனாரும் எழுத்தை விட்டுவிட்டுப் படத்தைப் பார்த்தோம்.

படத்தில் சத்தமே இல்லை. முதலில் ஒரு தெரு. தொப்பியும் கோட்டுமாக ஆம்பிளைகள் வரிசையாக நிற்கிறார்கள். வரிசை தெருக்கோடி வரைக்கும் போய் முக்குத் திரும்புகிறது. ஆளுக்கொரு கிண்ணம். முன்னால் ஒருவர் பெரிய கொப்பரையிலிருந்து மொண்டு மொண்டு ஊற்றுகிறார்.

"பந்தி நடக்குது," என்றார் நாத்தனார்.

"இலையக் காணமே ஆச்சி."

"குளிரு நாட்டுல வாழை எங்குட்டு வெளையும்? அதான் கிண்ணத்துல ஊத்துறாக."

"நின்னுக்கிட்டே சாப்பிடுறாகளே."

"எடம் பத்தலை போல. நம்மள மாதிரி வளவா கட்டி வச்சிருக்காக?"

பெண்பிள்ளை ஒருத்தரும் வரிசையில் இல்லை. ஆம்பிளைப் பந்தி முதலில், அதுவும் நம் வழக்கம்தான் என்று பேசிக்கொண்டோம். யார் முகத்திலும் சிரிப்பு மட்டும் இல்லை. "பொண்ணு வீட்டுக்காரவுகளா இருப்பாக," என்று நான்தான் சொன்னேன்.

அடுத்தாற்போல் கார்கள் வந்தன. எங்கள் மாமனார் வாங்கி, பின்கட்டுக் கொட்டகையில் இன்னமும் நிற்கிற கார் இருக்கிறதே, அச்சு அசல் அதே கார். எனக்கு மாப்பிள்ளை ஊர்மேல் மதிப்பு கூடிவிட்டது. பழசைத் தள்ளிவிடாமல் வைத்து ஓட்டுகிறவர்கள் நல்ல வீட்டு மனிதர்களாகத்தான் இருப்பார்கள்.

அப்புறம்தான் அந்தக் கார் வந்தது. கூரைமேல் மெத்தை. மெத்தைமேல் கவிழ்த்த நாற்காலிகள். பக்கவாட்டில் துவைக்கிற தகரத் தொட்டி, வாளி, சட்டி, விளக்கு. பின்னால் ஒரு கூண்டு, அதற்குள் உயிருள்ள கோழிகள். எல்லாவற்றையும் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். அதன் பின்னால் அதேபோல இன்னொரு கார், அதற்கும் பின்னால் இன்னொன்று, புழுதி கிளப்பிக்கொண்டு.

நான் எழுந்தே நின்றுவிட்டேன். "ஆச்சி! சாமான் போகுது பாருங்க!"

நாத்தனார் டி.வி.க்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார். "கோழி மொதக்கொண்டு குடுத்து விட்டுருக்காகளே, ஆத்தாடி. நம்ம கூடக் கோழி குடுத்ததில்லையே."

"அமெரிக்காவுல சாமான வச்சு என்ன பண்ணுறதுன்னு அந்தம்மா எப்புடி வாய் கூசாமச் சொன்னாக?"

"நம்ம சாமான் அவுகளுக்கு ஏத்ததா இருக்காதுன்னு நெனச்சிருப்பாக."

அந்த வார்த்தை என் நெஞ்சில் தைத்தது. கடைசியாகச் சாலையோரத்தில் ஒரு பெண் அதே மாதிரித் தொட்டியில் தண்ணீர் வைத்துப் பிள்ளைக்கு முகம் கழுவிவிட்டாள். படம் முடிகிற வரைக்கும் அவள் தலை நிமிரவே இல்லை. அவள் மட்டும் என்னவோ போல இருந்தாள். ஆனால் எனக்கு இருந்த கோபத்தில் அதை நின்று யோசிக்கவில்லை.

மறுநாள் காலையில் எங்கள் வீட்டு வரவு செலவைப் பார்க்கிற காரியக்காரரிடம் சொல்லி வாடகைக் கார் பிடித்து, கேசட்டை மடியில் வைத்துக்கொண்டு மானகிரிக்குப் போனேன். சம்மந்தி ஆச்சி, "வாங்க, வாங்க," என்று வாய் நிறையக் கூப்பிட்டு மோர் கொடுத்தார். மோரைக் கீழே வைத்தேன்.

"ஆச்சி, வெள்ளைக்காரவுக காருல மெத்தையும் கோழியும் கட்டிச் சாமான் அனுப்புறாக. எம் மகளுக்கு மட்டும் சாமான் வேணாங்கிறீக. என்ன கொறை கண்டீக எங்கிட்ட?"

சம்மந்தி ஆச்சிக்கு ஒன்றும் புரியவில்லை. மகனைக் கூப்பிட்டார். மாப்பிள்ளை வந்து கேசட்டைத் திருப்பிப் பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆனது. சிரிப்பை அடக்குகிறார் என்று அப்புறம்தான் தெரிந்தது.

"அயித்தை, மன்னிச்சுக்கங்க. கேசட்டு மாறிப்போச்சு. இது நான் படிக்கிறதுக்கு வச்சிருந்தது. அறுவது வருசத்துக்கு முந்துன படம். அப்ப அங்க தொழிலெல்லாம் படுத்து, பேங்கெல்லாம் மூடிட்டாக. அது பந்தியில்ல, கஞ்சிக்கு நிக்கிறாக. காருல போறவுக வீடு வாசல எழந்துட்டு, பொழைக்க வேற ஊருக்குப் போறாக."

பேங்க் மூடியது என்று சொன்னால் எங்கள் ஆட்களுக்கு விளக்கம் வேண்டாம். பர்மாவில் வட்டிக்கடை வைத்திருந்து, எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. முகம் கழுவிவிட்ட அந்தப் பெண்ணை நினைத்துக்கொண்டேன். அதற்காக வந்த காரியத்தை விட முடியுமா?

"வீடு போனவுகளே தொட்டியையும் சட்டியையும் விடாமக் கட்டிக்கிட்டுப் போறாக. வீட்டோட, வாசலோட இருக்கிற எம் மக வெறுங்கையோட போகணுமாக்கும்?" என்றேன்.

மாப்பிள்ளை அம்மாவைப் பார்த்தார். "ஆத்தா, அயித்தை கேக்குறது நியாயந்தானே?"

"நீ சும்மா இருடா." சம்மந்தி ஆச்சி என் பக்கம் திரும்பினார். "வைக்க எடமில்லை ஆச்சி."

"எங்கிட்டயா சொல்லுறீக? இந்த வீட்டுல ஒரு கோடியில கூப்பிட்டா மறுகோடியில கேக்காது. எடமில்லையாம்ல!"

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, என் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார். குரல் இறங்கிவிட்டது. "நெசத்தச் சொல்லிர்றேன். எங்க மாமியா சாமான், எஞ் சாமான், மூத்த மருமக சாமான், எல்லாம் ரெண்டாங்கட்டுல கெடக்கு. எல்லாம் பச்சை பூத்துப்போச்சு. புளி போட்டுத் தேய்க்க ஆளே வர்றதில்ல ஆச்சி. நானே ஒக்காந்து தேய்ச்சு எந் தோளு போச்சு. உங்க அண்டாவும் வந்தா என்னையத் தூக்கிப் போட வேண்டியதுதான்."

இதற்காகவா நான் சோறு இறங்காமல் கிடந்தேன்! எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் என்னை முறைத்துப் பார்த்தார், அப்புறம் அவரும் சிரித்துவிட்டார். வைத்த மோரை எடுத்துக் குடித்தேன்.

"பரப்புறது எங்க வீட்டுல. பரப்பி முடிச்சு, உங்க வீட்டுல பூட்டி வைப்போம். வருசா வருசம் புளியும் ஆளும் நான் அனுப்புறேன். போதுமா?"

"புளி பழைய புளியா இருக்கட்டும். புதுப்புளி அழுக்கு எடுக்காது," என்றார். சம்மதித்துவிட்டார் என்று தெரிந்துகொண்டேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் வளவில் சாமான் பரப்பினேன். தூணுக்குத் தூண் பித்தளை மின்னியது. மெத்தையைச் சுருட்டி நாற்காலிகள்மேல் அடுக்கியிருந்தோம். மாப்பிள்ளை கையில் வீடியோ கேமராவோடு வந்து, ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை மெதுவாகப் படம் பிடித்தார்.

"எதுக்கு மாப்பிள்ளை?" என்று கேட்டேன்.

"அங்க கொண்டுபோயிக் காட்டப் போறேன் அயித்தை. பின்னால ஒரு காலத்துல பாக்குறவுகளுக்கும் இருக்கட்டும்."

எனக்குச் சுரீரென்றது. நாற்காலியும் மெத்தையும் சட்டியும் வாளியுமாக, ஆள் இல்லாமல், சத்தம் இல்லாமல் பார்த்தால் யார் என்ன நினைப்பார்கள்? "நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று சொல்லி நாத்தனாரை இழுத்து வந்து அண்டாவுக்கு இந்தப் பக்கம் நிறுத்தினேன். சம்மந்தி ஆச்சியை அந்தப் பக்கம் நிறுத்தினேன். மகளை நடுவில் நிறுத்தி, நானும் அவளை ஒட்டி நின்றுகொண்டேன்.

"எல்லாரும் நல்லாப் பல்லு தெரியச் சிரிங்க," என்றேன். "நம்மள வீட்ட விட்டு வெளிய வெரட்டிட்டாகன்னு நாளைக்கி ஒருத்தரும் நெனச்சுரக்கூடாது."